டிரான்ஸ்லேட்டர் கைமாறினால் என்னென்ன மாறும்? அமெரிக்கக் குட்டி எஃப்எம்களின் உள்கணக்கு

அமெரிக்காவின் சிறு நகரங்களில் அவ்வப்போது இப்படி ஒரு செய்தி வரும்: உள்ளூர் எஃப்எம் டிரான்ஸ்லேட்டர் விற்கப்பட்டது, அடுத்த வாரம் முதல் புது ஃபார்மட் (அதாவது ஒலிபரப்பும் பாட்டு, பேச்சு வகை), சிக்னலும் விரிவாகப்போகிறது. படித்தவருக்குக் கேள்விகள்தான் மிஞ்சும். விற்றது நிலையத்தையா, வெறும் கோபுரத்தையா? உரிமையாளர் மாறினால் பாட்டு ஏன் மாற வேண்டும்? பாட்டு மாறினால் சிக்னல் எப்படி விரியும்?

மூன்றும் வெவ்வேறு சமாச்சாரங்கள். ஆனாலும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. அதற்கு அமெரிக்க ஒலிபரப்பு விதிகளுக்குள் ஒரு திட்டவட்டமான காரணம் இருக்கிறது. அங்கே போய்ச் சேர, அடிப்படையிலிருந்து வருவோம்.

டிரான்ஸ்லேட்டர்: மொழிபெயர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

பெயரைக் கேட்டதும் ஆங்கில நிகழ்ச்சியை ஸ்பானிஷில் தரும் கருவி என்று நினைத்துவிட வேண்டாம். இது பெயர்ப்பது அலைவரிசையை. ஒரு நிலையத்தின் ஒலிபரப்பை வாங்கி, அதே நிகழ்ச்சியை அதே நேரத்தில் வேறொரு எஃப்எம் அலைவரிசையில் மறுபடி அனுப்பும். மூல நிலையத்தின் அதே அலைவரிசையில் அனுப்பினால் அதற்குப் பெயர் பூஸ்டர். அது தனிக் கதை.

அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி இந்தச் சேவையை 1970இல் அனுமதித்தது. மலைக்குப் பின்னாலும் பள்ளத்தாக்கிலும் எஃப்எம் சிக்னல் எட்டாத ஊர்களுக்கு ஒரு கைகொடுப்பு, அவ்வளவுதான் நோக்கம். அதனால் விதிகளும் அந்த அளவிலேயே எழுதப்பட்டன.

1. சக்தி: அதிகபட்சம் 250 வாட். பெரிய முழுச்சக்தி எஃப்எம் நிலையங்கள் 1,00,000 வாட் வரை போகும்.

2. அந்தஸ்து: இது இரண்டாந்தரச் சேவை. முழுச்சக்தி நிலையங்களுக்கு இடைஞ்சல் தரக் கூடாது. அவை தரும் இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு முழுச்சக்தி நிலையம் சக்தியைக் கூட்டினால், டிரான்ஸ்லேட்டர் வேறு அலைவரிசை தேட வேண்டியதுதான்.

3. சொந்தக் குரல்: கிடையாது. தானாக நிகழ்ச்சி தயாரித்து ஒலிபரப்ப முடியாது. அவசர எச்சரிக்கைக்கும், நிதி ஆதரவு கேட்கவோ நன்றி சொல்லவோ மணிக்கு 30 விநாடிக்கும் மட்டும் விலக்கு உண்டு.

இந்த மூன்றாவது விதியை மறந்தால் பின்னால் வரும் எதுவும் விளங்காது.

அழைப்புக் குறியை வைத்தே இவற்றை அடையாளம் காணலாம். முழுநிலையங்களுக்கு எழுத்துகள் மட்டும். டிரான்ஸ்லேட்டருக்கு நடுவில் மூன்று இலக்க எண் வரும். அலபாமாவின் ஜாஸ்பரில் உள்ள டபிள்யூ268பிஎம்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே என்றால் பொதுவாக 'டபிள்யூ', மேற்கே என்றால் 'கே'. 268 என்பது சேனல் எண். சேனல் 200 என்றால் 87.9 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொரு எண்ணுக்கும் 0.2 கூட்டிக்கொண்டே போனால் 268க்கு 101.5 வரும். கடைசி இரண்டு எழுத்து வரிசைக்காக. ஆக, டிரான்ஸ்லேட்டர் அலைவரிசை மாற்றினால் அதன் பெயரும் மாறிவிடும். பழைய பெயரில் தேடிவிட்டு "காணாமல் போய்விட்டது" என்று பலர் நினைப்பது இதனால்தான்.

ஜாஸ்பரில் நடந்தது

அந்த ஜாஸ்பர் டிரான்ஸ்லேட்டருக்கு 2024 தொடக்கத்தில் மூல நிலையமாக இருந்தது டபிள்யூஜேஎல்எக்ஸ் என்ற 1240 ஏஎம். ஏஎம் என்றால் நம் ஊரில் மீடியம் வேவ் என்று சொல்வோமே, அதே பட்டை. ஊரில் பலர் கேட்டது 101.5 எஃப்எம்-இல், பெயரளவுக்கு அது 1240இன் எதிரொலி.

2024 பிப்ரவரியில் ஏஎம் நிலையத்தின் 200 அடிக் கோபுரமே திருடுபோய்விட்டது என்று நிலையம் அறிவித்தது. (இது நடந்ததுதானா என்று பிறகு சந்தேகங்களும் எழுந்தன. அந்த வம்பு நமக்கு இங்கே வேண்டாம்.) எஃப்எம் டிரான்ஸ்லேட்டர் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தது. சரி, எஃப்எம்-ஐ மட்டுமாவது ஓட்டிக்கொள்கிறோம் என்று நிலையம் கேட்டது. எஃப்சிசி மறுத்துவிட்டது. மூல நிலையம் மௌனமானால் அதன் டிரான்ஸ்லேட்டரும் மௌனமாக வேண்டும் என்பதே விதி.

கேட்பவர் பார்வையில் இது அபத்தம். 101.5 தான் அவருக்கு நிலையம். எங்கோ நின்ற ஏஎம் கோபுரத்தை அவர் நினைத்துப் பார்த்தே வருடக்கணக்காகியிருக்கும். சட்டத்தின் பார்வையில் 101.5 என்பது நிழல், உருவம் 1240. உருவம் போனபின் நிழலுக்கு என்ன வேலை?

ஒரே ஒரு விலக்கு உண்டு. டி வகுப்பு ஏஎம் நிலையங்கள் பல பகலில் மட்டுமே ஒலிபரப்ப உரிமம் உள்ளவை. இரவில் ஏஎம் அலை வெகுதூரம் பரவி மற்ற நிலையங்களோடு மோதும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு. ஏஎம் சட்டப்படி அடங்கியிருக்கும் அந்த இரவு நேரத்திலும் அவற்றின் டிரான்ஸ்லேட்டர் தொடர்ந்து பேசலாம்.

ஓட்டை டப்பா எப்படித் தங்கமானது

250 வாட் பெட்டிக்கு யாரும் அடித்துக்கொள்ளாத காலம் ஒன்று இருந்தது. அதை மாற்றியவை நான்கு.

முதலாவது, 2003. எஃப்சிசி புது டிரான்ஸ்லேட்டர்களுக்கு விண்ணப்பம் கேட்டபோது 13,000க்கும் மேல் வந்து குவிந்தன. அவற்றில் ஆயிரக்கணக்கானவை ஒன்றிரண்டு மத அமைப்புகளிடமிருந்து வந்தவை. கட்டுமான அனுமதி கைக்கு வந்ததும் சிலர் விற்கத் தொடங்கினர். சமூக வானொலிக்காரர்கள் கொதித்தார்கள்: 100 வாட் சமூக நிலையங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய அலைவரிசை இடைவெளிகளை இவர்கள் அடைத்துவிட்டார்கள் என்று. அவர்களுக்குக் கொஞ்சம் கதவு திறந்த உள்ளூர்ச் சமூக வானொலிச் சட்டம் 2011 ஜனவரியில்தான் கையெழுத்தானது.

இரண்டாவது, எச்டி ரேடியோ. அமெரிக்க டிஜிட்டல் வானொலி முறை இது. முழுச்சக்தி எஃப்எம் நிலையம் ஒன்று தன் வழக்கமான ஒலிபரப்போடு எச்டி2, எச்டி3 என்று கிளை ஓடைகளையும் அனுப்பலாம். அவற்றைக் கேட்க எச்டி ரேடியோ வேண்டும். தனியாகத் தேடிக் கேட்பவர் குறைவு. ஆனால் அந்த எச்டி2-ஐ ஒரு டிரான்ஸ்லேட்டர் வாங்கிச் சாதாரண எஃப்எம்-ஆக அனுப்பினால்? பழைய டிரான்சிஸ்டரிலும் கேட்கும் ஒரு 'புது நிலையம்' பிறந்துவிடுகிறது. காகிதத்தில் மட்டும் அது பெரிய நிலையத்தின் கிளையின் மறு ஒலிபரப்பு. நான் இதைச் சட்டத்தின் சந்து என்றே சொல்வேன். எஃப்சிசி அதை வாசல் என்று ஒப்புக்கொண்டுவிட்டது.

மூன்றாவது, 2009இல் ஏஎம் நிலையங்களும் எஃப்எம் டிரான்ஸ்லேட்டர் வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. மின்கம்பி இரைச்சலிலும் எல்.இ.டி. விளக்குகளின் கரகரப்பிலும் தடுமாறிய ஏஎம்களுக்கு இது பிராணவாயு.

நான்காவது, 2015 அக்டோபரின் ஏஎம் மறுவாழ்வு ஆணை. இதன்படி 2016இல் ஏஎம் நிலையங்கள் 250 மைல் தொலைவிலுள்ள டிரான்ஸ்லேட்டரைக்கூட விலைக்கு வாங்கித் தம் ஊருக்குக் கொண்டுவரலாம் என்றாயிற்று. எங்கோ வனாந்தரத்தில் கிடந்த உரிமத்துக்கெல்லாம் ஒரே நாளில் கிராக்கி வந்தது. இன்று நாடு முழுக்க எஃப்எம் டிரான்ஸ்லேட்டர்களும் பூஸ்டர்களும் சேர்ந்து 8,000க்கும் மேல்.

இன்னொன்று: ஒரு நகரில் ஒரு நிறுவனம் இத்தனை நிலையம்தான் வைத்திருக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறதல்லவா, அந்தக் கணக்கில் டிரான்ஸ்லேட்டர் சேராது. வரம்பு நிரம்பிய பெரிய நிறுவனத்துக்கு நகரில் இன்னும் ஒரு குரல் வேண்டுமென்றால், இதுதான் வழி.

கைமாறுதல்: எந்த டிரான்ஸ்லேட்டரை விற்கலாம்

உரிமம் கைமாற எஃப்சிசியின் முன் ஒப்புதல் கட்டாயம். விற்பவரும் வாங்குபவரும் ஒப்பந்தம் போட்டு விண்ணப்பிப்பார்கள், ஆணையம் பொது அறிவிப்பு வெளியிடும், ஆட்சேபணை இருப்பவர் சொல்லலாம், அப்புறம் ஒப்புதல், அதன்பின் பணம் கைமாறி, "முடித்துவிட்டோம்" என்று ஆணையத்துக்கு இன்னொரு தாக்கல். பத்திரிகையில் "விற்கப்பட்டது" என்று வரும் நாளில் பெரும்பாலும் முதல் படிதான் நடந்திருக்கும்.

எல்லா டிரான்ஸ்லேட்டரையும் ஒரே மாதிரி விற்க முடியாது.

1. பழைய, தனித்த உரிமங்கள்: எந்த நிலையத்தோடும் கட்டப்படாதவை. விற்கலாம், மூல நிலையத்தை மாற்றலாம். சந்தையில் கிராக்கி இவற்றுக்குத்தான்.

2. 2016இன் 250 மைல் சலுகையில் வந்தவை: வாங்கிய ஏஎம் நிலையத்தை நான்கு ஆண்டுகள் ஒலிபரப்பியே தீர வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தவை. மௌனமாக இருந்த நாட்கள் அந்த நான்கு ஆண்டில் சேராது. பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது. சில ஊர்களில் ஏஎம்-இன் துணையாக இருந்த எஃப்எம் திடீரென்று வேறு கட்சி மாறுவதன் பின்னணி இதுவாகவும் இருக்கலாம்.

3. 2017, 2018இல் ஏஎம் நிலையங்களுக்காகவே திறக்கப்பட்ட விண்ணப்பச் சுற்றுகளில் பிறந்தவை: இவை நிரந்தரமாகத் தம் ஏஎம் நிலையத்தோடு பிணைக்கப்பட்டவை. தனியே விற்க முடியாது; வேறு நிலையத்தை ஒலிபரப்பவும் முடியாது. ஏஎம்-ஐ விற்றால் கூடவே போகும்.

ஆக ஒரு விற்பனைச் செய்தி வந்தால், மூன்றில் எந்த வகை என்று முதலில் பார்ப்பது நல்லது. மூன்றாம் வகை என்றால் அது டிரான்ஸ்லேட்டர் விற்பனையே அல்ல, ஏஎம் நிலைய விற்பனை.

ஃபார்மட்: அனுமதி கேட்க வேண்டியதே இல்லை

உரிமம் மாற இத்தனை சடங்கு. பாட்டு மாற? ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் ஒரு நிலையம் ஜாஸ் ஒலிபரப்புகிறதா, கன்ட்ரி பாட்டா, பேச்சா என்பதில் எஃப்சிசி தலையிடுவதில்லை. ரசிகர்கள் விடவில்லை, பிடித்த ஃபார்மட் அழிவதைத் தடுக்க ஆணையம் தலையிட வேண்டும் என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டபிள்யூஎன்சிஎன் என்ற நியூயார்க் செவ்விசை நிலையத்தின் நேயர் சங்கம் தொடுத்த அந்த வழக்கில், ஃபார்மட்டைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிடும் எஃப்சிசியின் கொள்கை செல்லும் என்று 1981இல் தீர்ப்பு வந்தது. அதோடு அந்தக் கதவு மூடிவிட்டது.

டிரான்ஸ்லேட்டரில் இது இன்னும் எளிது. சொந்த நிகழ்ச்சியே இல்லாததால் ஃபார்மட் மாற்றம் இரண்டே வழியில் வரும். ஒன்று, மூல நிலையமே தன் ஃபார்மட்டை மாற்றுவது. டிரான்ஸ்லேட்டர் உரிமையாளருக்கு அதில் பங்கே இல்லை. இரண்டு, டிரான்ஸ்லேட்டர் வேறு மூல நிலையத்துக்குத் தாவுவது. இந்தத் தாவலுக்கு ஆணையத்துக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும்.

இதனால் ஒரு விநோதமான வரிசை அமைகிறது. விற்பனைக்கு ஒப்புதல் வரும் முன்பே, பழைய உரிமையாளரின் கையில் இருக்கும்போதே, டிரான்ஸ்லேட்டர் புது முதலாளியின் நிலையத்தை ஒலிபரப்பத் தொடங்கிவிடலாம். கேட்பவருக்கு 'மாற்றம்' நடந்துவிட்டது. காகிதத்தில் இன்னும் எதுவும் மாறவில்லை. மாறாக, உரிமம் கைமாறிய பின்னும் பாட்டு அப்படியே இருக்கலாம், ஏனென்றால் எச்டி2 ஓடையை வேறொருவர் வாடகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருப்பார். உரிமம் ஒருவரிடம், மூல நிலையம் இன்னொருவரிடம், நிகழ்ச்சி மூன்றாமவரிடம் என்பது சர்வ சாதாரணம். சொந்தமாக நிலையம் வாங்க வசதியில்லாத சிறு மொழிக் குழுக்களின் நிகழ்ச்சிகள் இப்படி வாடகை ஓடைகளில் வருவதும் உண்டு.

கவரேஜ்: வாட்டை விட உயரம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 250 வாட் உச்சவரம்பு என்று வைத்துவிட்ட பிறகு சிக்னல் எப்படி விரியும்?

எஃப்எம் அலை ஏறக்குறைய பார்வைக்கோட்டில் போவது. மேலே நின்று பார்த்தால் தூரம் தெரிவதுபோல, ஆன்டெனா உயர்ந்தால் எட்டும் தூரம் கூடும். கொடைக்கானல் எஃப்எம் மலை மேலிருந்து தென் தமிழகத்தில் பல மாவட்டங்களை எட்டுவதும் இதே தத்துவம்தான். எஃப்சிசியின் கணக்கில் '60 டிபியு எல்லை' என்று ஒரு கோடு உண்டு: ஒரு மீட்டருக்கு 1 மில்லிவோல்ட் சிக்னல் வலிமை உள்ள இடம். சாதாரண ரேடியோவில் சுத்தமாகக் கேட்கும் எல்லை என்று கொள்ளலாம்.

சுற்றுப்புற நிலத்தின் சராசரி மட்டத்துக்கு மேல் ஆன்டெனாவின் உயரத்தை வைத்துச் சில கணக்குகள்:

1. 100 வாட், 30 மீட்டர்: சுமார் 5.6 கி.மீ. ஒரு சமூக வானொலியின் அளவு இது.

2. 250 வாட், 30 மீட்டர்: சுமார் 7 கி.மீ.

3. 250 வாட், 100 மீட்டர்: சுமார் 13 கி.மீ.

4. 6,000 வாட், 100 மீட்டர்: சுமார் 28 கி.மீ. முழுச்சக்தி நிலையங்களில் சிறிய வகுப்பு.

மூன்றையும் நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சக்தி 24 மடங்கு கூடியும் தூரம் இரண்டு மடங்கை விடக் கொஞ்சம்தான் அதிகம். இரண்டிலிருந்து மூன்றுக்கு ஒரு வாட்கூடக் கூடவில்லை. உயரத்தால் மட்டுமே தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. வாடகைக்கு உயரமான கோபுரத்தில் இடம் பிடிப்பதில் இவர்கள் காட்டும் வெறிக்குக் காரணம் இதுதான்.

ஆனால் உயரமான கோபுரத்தில் எல்லாருக்கும் 250 வாட் கிடைக்காது. விதி டிரான்ஸ்லேட்டர்களை இரண்டாகப் பிரிக்கிறது.

'நிரப்பு' டிரான்ஸ்லேட்டர் என்பது தன் மூல நிலையத்தின் சொந்த எல்லைக்கு உள்ளேயே இருப்பது. இருக்கும் கவரேஜில் ஓட்டையை அடைக்கிறது என்று கருதி, எந்த உயரத்திலும் 250 வாட் அனுமதி. மூல நிகழ்ச்சியை இணையம், மைக்ரோவேவ் என எந்தத் தரைவழியிலும் கொண்டுவரலாம்.

'வெளிப்பகுதி' டிரான்ஸ்லேட்டர் என்பது மூல நிலையத்தின் எல்லையைத் தாண்டி இருப்பது. இதற்கு உயரம் கூடக்கூடச் சக்தி குறையும். மிசிசிப்பிக்குக் கிழக்கே 32 மீட்டர் வரைதான் 250 வாட். 141 மீட்டரைத் தொட்டால் வெறும் 10 வாட். மேற்கே மலைப் பிரதேசம் என்பதால் விதி தாராளம்: 107 மீட்டர் வரை 250 வாட். அதோடு வணிகப் பட்டையில், அதாவது 92க்கு மேல், இவை மூல நிலையத்தை வானிலிருந்தே பிடித்து அனுப்ப வேண்டும். செயற்கைக்கோள் வழி ஊட்டுவது 88க்கும் 92க்கும் இடையிலான வணிகநோக்கற்ற பட்டையில் மட்டும் செல்லும். நாடு முழுக்கப் பரவிய கிறிஸ்தவ இசைக் கூட்டமைப்புகள் அந்தப் பட்டையில் டிரான்ஸ்லேட்டர்களைக் குவித்திருப்பது இந்தச் சலுகையால்தான்.

இப்போது ஒரு கற்பனை ஊரில் கணக்குப் போடுவோம். கிழக்கு மாநிலம் ஒன்றில் 150 மீட்டர் உயரத்தில் ஒரு டிரான்ஸ்லேட்டர். தூரத்து நிலையம் ஒன்றை வானிலிருந்து பிடித்து அனுப்புகிறது. எனவே வெளிப்பகுதி வகை. எனவே 10 வாட். எட்டும் தூரம் தோராயமாக 7 கி.மீ. இதை உள்ளூர் முழுச்சக்தி நிலையம் ஒன்றின் முதலாளி வாங்குகிறார். தூரத்து நிலையத்தைக் கழற்றிவிட்டுத் தன் எச்டி2-ஐ மாட்டுகிறார். அந்தக் கணமே அது அவர் நிலையத்தின் எல்லைக்குள் இருக்கும் 'நிரப்பு' ஆகிவிடுகிறது. அதே கோபுரம், அதே உயரம், ஆனால் இனி 250 வாட்டுக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற நிலையங்களுக்கு இடைஞ்சல் இல்லை என்று காட்டிவிட்டால் தூரம் தோராயமாக 15, 16 கி.மீ. பரப்பளவில் ஐந்து மடங்கு.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. உரிமையாளர் மாறியதால் மூல நிலையம் மாறியது. மூல நிலையம் மாறியதால் ஃபார்மட் மாறியது. அதே மூல நிலைய மாற்றத்தால் சட்ட வகை மாறி, சக்திக்கான வரம்பும் மாறியது.

ஏஎம் நிலையம் வாங்கினாலும் இதே கதைதான், எல்லை மட்டும் வேறு. டிரான்ஸ்லேட்டரின் 60 டிபியு எல்லை, ஏஎம்-இன் பகல்நேர 2 மில்லிவோல்ட் எல்லைக்குள்ளோ, கோபுரத்தைச் சுற்றி 25 மைல் வட்டத்துக்குள்ளோ, எது பெரிதோ அதற்குள் அடங்க வேண்டும். 2017 வரை 'எது சிறிதோ' என்று இருந்தது. ஒரு சொல் மாறியதில் பல ஏஎம்கள் தம் எஃப்எம்-ஐ ஊர் நடுவுக்கு நகர்த்த முடிந்தது.

இடம் மாற்றுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. சாதாரண மாற்றமாகக் கருதப்பட, புது இடத்தின் எல்லைக்கோடு பழைய எல்லையோடு கொஞ்சமாவது ஒட்ட வேண்டும். இதற்கும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். கொஞ்சம் நகர்த்திக் கட்டு, உரிமம் வாங்கு, மறுபடி கொஞ்சம் நகர்த்து என்று தவளைப் பாய்ச்சலில் கிராமத்திலிருந்து பெருநகரம் வரை கொண்டுபோன டிரான்ஸ்லேட்டர்கள் உண்டு. எஃப்சிசி இதை விதிமீறல் என்று கண்டித்தது. 250 மைல் சலுகை, தவளைக்கு விமானம் ஏற்பாடு செய்ததுபோல.

விரிவு என்றால் எல்லாத் திசையிலும் விரிவு என்று எண்ணிவிடவும் வேண்டாம். அதே அலைவரிசையிலோ பக்கத்திலோ இன்னொரு நிலையம் வடக்கே இருந்தால், வடக்குப் பக்கம் சிக்னலை அமுக்கும் திசை ஆன்டெனாவோடுதான் அனுமதி கிடைக்கும். தெற்கே இருபது கிலோமீட்டரில் கேட்பது, வடக்கே ஐந்திலேயே தேய்ந்துவிடலாம். "சிக்னல் விரிவாகிறது" என்ற செய்தியைப் படித்துவிட்டு வடக்குப் பேட்டைக்காரர் ரேடியோவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

உங்கள் ஊர்ச் செய்தியை எப்படிச் சரிபார்ப்பது

எஃப்சிசியின் உரிமத் தரவுத்தளம் எவரும் பார்க்கத் திறந்தது. அலைவரிசையும் ஊரும் தெரிந்தால் போதும்.

1. நிலைய அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அழைப்புக் குறி மாறும், உரிமையாளர் மாறுவார். இந்த எண் மாறாது.

2. என்ன தாக்கல் இருக்கிறது என்று பாருங்கள். உரிம மாற்ற விண்ணப்பம் என்றால் விற்பனை. கட்டுமான அனுமதி விண்ணப்பம் என்றால் கோபுரம், சக்தி, அலைவரிசை ஏதோ மாறப்போகிறது. கட்டுமான அனுமதிக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. "விரைவில்" என்ற அறிவிப்பை அந்தக் கண்ணோடு படியுங்கள். கட்டி முடித்ததற்கான உரிம விண்ணப்பம் வந்துவிட்டதென்றால் வேலை முடிந்தது.

3. மணி அடிக்கும் நேரத்தில் ரேடியோவைக் கேளுங்கள். சட்டப்படியான அடையாள அறிவிப்பு அப்போதுதான் வரும். நாள் முழுக்க "98.5" என்று முழங்கும் குரல், அந்த ஒரு நொடியில் மட்டும் அவசரமாக வேறொரு நிலையத்தின் எழுத்துகளையும் 'எச்டி2' என்பதையும் முணுமுணுத்துவிட்டுப் போகும். மூல நிலையம் யாரென்று தெரிந்துவிடும். டிரான்ஸ்லேட்டர் தன் சொந்தக் குறியை மணிக்கொரு முறை மோர்ஸ் தந்தி முறையில் அனுப்பலாம் என்றும் விதியில் இருக்கிறது. பாட்டுக்கடியில் போவதால் காது கண்டுபிடிக்காது.

4. திடீரென்று மௌனமா? தொடர்ந்து 12 மாதம் ஒலிபரப்பாத உரிமம் தானாகவே காலாவதியாகிவிடும். பதினொன்றாவது மாதத்தில் சில நாள் மட்டும் ஏதோ பாட்டு ஓடி நின்றுபோனால், யாரோ உரிமத்துக்கு மூச்சுக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

புதியவர் வந்ததால் பழையவர் கேட்காமல் போனால்

விரிந்த சிக்னல் யாருடைய காதையாவது அடைக்கும். தூரத்து முழுச்சக்தி நிலையம் ஒன்றை மெல்லிய சிக்னலில் தினமும் கேட்டுவந்தவருக்கு, அதே அலைவரிசையில் புது டிரான்ஸ்லேட்டர் வந்து உட்கார்ந்தால் கதை முடிந்தது.

முன்பெல்லாம் எவ்வளவு தொலைவிலிருந்தும், ஒரே ஒரு நேயர் புகார் சொன்னாலும் டிரான்ஸ்லேட்டர் அடங்க வேண்டியிருந்தது. போட்டி நிலையங்கள் இதை ஆயுதமாக்கின. 2019இல் விதி மாறியது. இப்போது முழுச்சக்தி நிலையம் குறைந்தபட்சம் 6 முதல் 25 நேயர்களின் புகாரைத் திரட்ட வேண்டும். எண்ணிக்கை அந்த நிலையத்தின் எல்லைக்குள் உள்ள மக்கள்தொகையைப் பொறுத்தது. அந்த நேயர்களும் நிலையத்தின் 45 டிபியு கோட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு வெளியே மங்கலாகக் கேட்டுக்கொண்டிருந்தவரின் புகார் கணக்கில் வராது. பதிலுக்கு டிரான்ஸ்லேட்டர்காரருக்கும் ஒரு சலுகை: இடைஞ்சல் பிரச்சினை வந்தால் பட்டையில் காலியாக உள்ள எந்தச் சேனலுக்கும் சாதாரண மாற்றமாகவே தாவிவிடலாம். அப்போது அழைப்புக் குறியின் நடு எண் மாறும், காரில் அழுத்தும் பொத்தானை மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

டிரான்ஸ்லேட்டர் கிளம்பிப் போய்விட்ட பழைய ஊருக்கு இப்படி எந்த முறையீடும் இல்லை. நேற்றுவரை கேட்ட தூரத்து நிலையத்துக்கு வெளிப்பகுதியில் பாதுகாப்பு கிடையாது, டிரான்ஸ்லேட்டருக்கு அந்த ஊரில் தொடர்ந்து ஒலிக்க வேண்டிய கடமையும் கிடையாது. அந்த அலைவரிசையில் இனி வெறும் இரைச்சல்தான். யாராவது அடுத்த விண்ணப்பச் சுற்றில் கேட்டு வாங்கும் வரை.